இடுப்பு வலி என்னும் ஒரு சொல்

(விழாவின் மூத்தோர் நல அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூத்தோர் நல அரங்கில் உரையாற்ற மருத்துவரை அழைப்பதே வழக்கம். இவ்வாண்டு, ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருத்தியை அழைத்திருக்கிறீர்கள். நோயாளியின் அருகில் அமர்ந்திருந்த ஒருவரும் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் காரணம் கூறினார். பொருத்தமான காரணமே. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. முதல் மூன்றோடு நிறுத்தியிருந்தாலும் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் நான்காமவரையும் அவர் விட்டுவிடவில்லை. அந்த நான்காமவரின் இடத்திலிருந்துதான் இன்று பேசுகிறேன். நான் மருத்துவம் கற்றவள் அல்லேன். இங்கே சொல்லும் மருத்துவச் செய்திகள் எலும்பு மருத்துவர்களிடம் கேட்டும், அவர்கள் எழுதியவற்றைப் படித்தும் அறிந்தவை.

எலும்புப்புரை உடைய முதியோருக்கு, பெரிய அடியோ வீழ்ச்சியோ இல்லாமலேயே, இடுப்பு எலும்புகளில் விரிசல் உண்டாகிறது. அது பல வாரங்கள் கண்டறியப்படாமலேயே கழிகிறது. ஏன் கண்டறியப்படுவதில்லை, கண்டறிய வீட்டார் என்ன செய்யலாம் என்பதே என் பேச்சின் பொருள்.

சொல்லில் தொடங்கும் குழப்பம்

நம் இலக்கியத்தில் உடலின் நடுப்பகுதிக்கு இடை, மருங்குல், நுசுப்பு, அரை எனப் பல சொற்கள் உண்டு. பேச்சு வழக்கில் அவை எல்லாம் ஒடுங்கி ‘இடுப்பு’ என்ற ஒரே சொல்லாகிவிட்டன. புடவை சொருகும் இடம் இடுப்பு. குழந்தையை ஏந்தும் இடம் இடுப்பு. முதுகின் அடிப்பகுதியும் இடுப்பு. உட்காரும் தட்டுக்கு மேலுள்ள பகுதியும் இடுப்பு. தொடை உடலோடு சேரும் மூட்டும் இடுப்பு. பேறுகால நோவையும் ‘இடுப்பு வலி எடுத்துவிட்டது’ என்றே சொல்கிறோம்.

ஆகவே எழுபது வயதுத் தாயொருவர் மருத்துவரிடம் சென்று ‘இடுப்பு வலிக்கிறது’ என்று கூறினால், அவர் சுட்டும் இடம் ஐந்தில் எது என்பது அச்சொல்லிலிருந்து விளங்காது. கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவில், பெரும்பாலோர்க்கு வரும் நோயையே மருத்துவர் முதலில் நினைப்பார். முதுகந்தண்டின் அடிப்பகுதியை எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கச் சொல்வார். எழுபது வயதில் யாருடைய முதுகந்தண்டைப் படம் பிடித்தாலும் ஏதேனும் ஒரு மாற்றம் தெரியத்தான் செய்யும். ‘தேய்மானம்’ என்று எழுதப்படும். அத்தோடு தேடல் முடிந்துவிடும். விரிசல் விட்ட எலும்பு, படம் எடுத்த இடத்துக்கு ஒரு சாண் கீழே இருக்கும்.

இந்தத் ‘தேய்மானம்’ என்ற சொல்லும் நம்மைக் குழப்புவதே. முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு தேய்வதும் தேய்மானம். முதுகெலும்புத் தட்டுகள் தேய்வதும் தேய்மானம். எலும்பின் உட்பொருள் குறைந்து அது துளை விழுந்த பண்டமாக ஆவதும் தேய்மானம் என்றே வழங்குகிறது. முதலிரண்டும் மூட்டைச் சார்ந்தவை, வலியைத் தருபவை. மூன்றாவது வேறு நோய். அதற்கு ‘எலும்புப்புரை’ என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. புரை என்றால் உள்துளை. எலும்புப்புரை தன்னளவில் வலிப்பதில்லை. எலும்பு முறியும்போதுதான் வலிக்கும். எனவே ‘எனக்குத் தேய்மானம் என்று முன்னமே சொல்லிவிட்டார்கள்’ என்று ஒருவர் கூறினால், எந்தத் தேய்மானம் என்று கேட்க வேண்டும்.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ‘இடுப்பொடிய வேலை செய்தேன்’ என்பது நம் பெண்களின் அன்றாட வழக்கு. குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் சேற்றில் குனிந்து நாற்று நட்ட பெண்கள் நிறைந்த மண் இது. நடவு இயந்திரம் வந்தது அண்மைக் காலத்தில்தான். வாழ்நாள் முழுதும் குனிந்து வேலை செய்தவர்க்கு இடுப்பு வலி ஒரு நோயாகத் தோன்றுவதில்லை. உடலின் இயல்பாகவே தோன்றுகிறது. உருவகமாக ஆயிரம் முறை ஒடிந்த இடுப்பு, மெய்யாகவே முறியும்போது, சொன்னவரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை; கேட்டவரும் எண்ணுவதில்லை.

விழாமல் எப்படி முறியும்?

இடுப்பெலும்பு ஒரு தனி எலும்பு அன்று. அது ஒரு வளையம். இருபுறமும் அகன்ற இடுப்பெலும்புகள் இரண்டு. அவை முன்புறத்தில், அடிவயிற்றின் கீழே ஒன்றையொன்று சந்திக்கின்றன. பின்புறத்தில் அவற்றுக்கு நடுவே ஆப்பு அடித்தாற்போல் ஒரு முக்கோண எலும்பு உள்ளது. மருத்துவர்கள் அதைச் ‘சேக்ரம்’ என்பர். இலத்தீன மொழியில் அதற்குப் புனித எலும்பு என்பது பொருள். தமிழிலும் ‘திருவெலும்பு’ என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். தலை, கை, மார்பு, வயிறு ஆகிய அனைத்தின் சுமையும் முதுகந்தண்டு வழியாக இத்திருவெலும்பில் இறங்கி, அதன் இரு சிறகுகள் வழியாக இரு கால்களுக்கும் பிரிந்து செல்கிறது. நிற்கும் ஒவ்வொரு நொடியும் அது சுமக்கிறது.

எலும்பு முறிய இரண்டு வழிகள் உண்டு. வரப்பு உடைவதை நினைத்துப் பாருங்கள். பெருவெள்ளம் வந்து நல்ல வரப்பை உடைப்பது ஒரு வகை. வெள்ளமே இல்லாமல், நண்டு வளை தோண்டிய வரப்பு வழக்கமான நீருக்கே உடைந்து போவது மற்றொரு வகை. நல்ல எலும்பு மிகையான சுமையை மீண்டும் மீண்டும் தாங்கி விரிசல் விடுவது முதல் வகை. பிரைட்ஹவுப்ட் என்ற பிரஷ்ய நாட்டு இராணுவ மருத்துவர், நெடுந்தொலைவு அணிநடை நடந்த வீரர்களின் பாதங்களில் தோன்றும் வீக்கத்தையும் வலியையும் 1855-இல் எழுதி வைத்தார். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு 40 ஆண்டுகள் கழித்து, 1895-இல். அதன் பின்னரே அவ்வலிக்குக் காரணம் எலும்பில் ஏற்பட்ட விரிசல் என்பது தெளிவாயிற்று.

முதியோருக்கு நேர்வது இரண்டாம் வகை. சுமை வழக்கமானதே; எலும்புதான் வலுவிழந்தது. மணையில் சற்று அழுத்தமாக உட்கார்வது, பேருந்து பள்ளத்தில் இறங்கி ஏறுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது, படியில் கால் சற்றுப் பிசகுவது போதும். சிலருக்கு அதுவும் தேவையில்லை. 1982-இல் லூரி என்னும் மருத்துவர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில், எலும்புப்புரை உடைய முதியோரின் திருவெலும்பு தானாகவே முறிவதை விவரித்து, இது பலராலும் அறியப்படாமல் இருக்கும் நோய் என்று எடுத்துக்காட்டினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. சிற்றூர்களில் இன்றும் அது அறியப்படாமலேயே இருக்கிறது.

வளையம் என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. கண்ணாடி வளையல் ஓரிடத்தில் மட்டும் உடைவது அரிது. அவ்வாறே இடுப்பு வளையத்தின் முன்பகுதியில் ஒரு விரிசல் தெரிந்தால், பின்பகுதியான திருவெலும்பிலும் பெரும்பாலும் ஒரு விரிசல் இருக்கும். முன்பக்க விரிசல் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரிந்துவிடலாம். பின்பக்கத்தது தெரிவதில்லை. ஒன்றைக் கண்டதோடு நின்றுவிட்டால் மற்றது தப்பிவிடும்.

கண்முன் நிகழ்ந்தது

என் சிற்றன்னையார் திருவையாற்றுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தவர். அப்போது அவருக்கு வயது 78. முடக்குவாதத்துக்காகப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவர். ஒருநாள் மாலை மணையில் அமர்ந்தபோது இடுப்பில் ‘சுருக்’கென்றதாம். மறுநாள் எழுந்து நடந்தார். மூன்றாம் நாள் சுவரைப் பிடித்து நடந்தார். வாயுப் பிடிப்பு என்றனர் அக்கம்பக்கத்தார். எண்ணெய் காய்ச்சி நீவினர். பத்து நாள் கழித்து ஒரு மருத்துவமனையில் முதுகந்தண்டைப் படம் எடுத்தனர். தேய்மானம் என்று எழுதி, வலி மாத்திரையும் இடுப்புப் பட்டையும் உடற்பயிற்சியும் தந்தனர். பயிற்சி செய்யச் செய்ய வலி மிகுந்தது. ஐந்தாம் வாரத்தில் கழிவறைக்குச் செல்லவும் இருவர் தாங்க வேண்டியதாயிற்று.

ஆறாம் வாரம் வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இளைஞர். முன்பு எடுத்த படங்களைப் பார்ப்பதற்கு முன்பே அவர், “பாட்டி, வலிக்கும் இடத்தை ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்” என்றார். சிற்றன்னையின் விரல் முதுகைத் தொடவில்லை. முதுகின் கீழே, இருபுறமும் குழி விழும் இடத்தைத் தொட்டது. பிறகு முன்புறம் வந்து தொடை இடுக்கைத் தொட்டது. மருத்துவர் அவ்விடங்களை மெல்ல அழுத்தினார், சிற்றன்னை துடித்தார். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்பட்டது. திருவெலும்பின் இரு சிறகுகளிலும், முன்புற எலும்பில் ஓரிடத்திலும் விரிசல்கள் இருந்தன.

“நான் விழவேயில்லையே தம்பி, எப்படி முறியும்?” என்று சிற்றன்னை கேட்டார். சற்றுமுன் நான் சொன்ன விளக்கத்தின் சாரம், அன்று அவருக்கு மருத்துவர் கூறிய விடைதான். மூன்று மாதங்களில் விரிசல்கள் கூடின. ஆனால் ஆறு வாரம் படுக்கையில் இழந்த தசை வலிமை முழுதாகத் திரும்பவில்லை. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடந்தார். கொல்லைப்புறப் படியிறங்கி ஆற்றங்கரைக்கு அவர் மீண்டும் செல்லவேயில்லை. எலும்பின் முறிவு ஆறும். கண்டறியாமல் கழிந்த வாரங்கள் எடுத்துச் சென்றதைத்தான் மீட்க முடிவதில்லை.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

மருத்துவர் ஐந்து நிமிடம் பார்க்கிறார். நாம் நாள் முழுதும் பார்க்கிறோம். நாம் கண்டதைச் செம்மையாகச் சொன்னால் அதுவே பாதிக் கண்டறிதல்.

முதலாவது, இடம். ‘இடுப்பு’ என்று சொல்லாமல், விரலால் காட்டச் சொல்லுங்கள். முதுகின் கீழே பக்கவாட்டிலா, உட்காரும் தட்டிலா, தொடை இடுக்கிலா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நிலை. இவ்விரிசலின் வலி நிற்கும்போதும் நடக்கும்போதும் மிகும். படுத்தால் பெரும்பாலும் தணியும். படுக்கையில் புரளும்போதும், உட்கார்ந்து எழும்போதும் குத்தும்.

மூன்றாவது, தொடக்கம். எந்த நாளில், எதைச் செய்தபோது தொடங்கிற்று? ‘விழவில்லை’ என்பதையும் சொல்லுங்கள். ஆனால் விழாததால் முறிவு இருக்காது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

நான்காவது, பழைய கதை. ஸ்டீராய்டு உட்கொண்டதுண்டா? முடக்குவாதமோ சிறுநீரக நோயோ உண்டா? மாதவிடாய் இளமையிலேயே நின்றதா, கருப்பையோடு சினைப்பைகளும் அகற்றப்பட்டனவா? கருப்பை வாய்ப் புற்றுநோய் போன்றவற்றுக்காக அடிவயிற்றில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றதுண்டா? முன்னர் மணிக்கட்டோ முதுகெலும்போ எளிதில் முறிந்ததுண்டா? இளமையில் இருந்ததைவிட உயரம் குறைந்திருக்கிறதா? இவற்றுள் ஒன்றிரண்டு ஆம் என்றால், மருத்துவரின் எண்ணம் வேறு திசையில் செல்லும்.

ஐந்தாவது, அபாய அறிகுறிகள். கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தாலோ, காலைத் தூக்கவே இயலாவிட்டாலோ அது தொடையெலும்பின் கழுத்து முறிவாக இருக்கலாம். அதற்கு விரைந்த அறுவைச் சிகிச்சை வேண்டும். காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, படுத்தாலும் தணியாத இரவு வலி, சிறுநீர் மலம் அடக்க இயலாமை, உட்காரும் இடம் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

காரணம் தெரியும் வரை எண்ணெய் போட்டு அழுத்தி நீவுதல், சுளுக்கு எடுத்தல், இழுத்துக் கட்டுதல் வேண்டா. நாட்டு மருத்துவத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் விரிசல் விட்ட எலும்பை அழுத்துவதை எந்த மருத்துவ நூலும் ஒப்பாது.

படங்கள் சொல்வதும் சொல்லாததும்

எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒன்றுமில்லை என்றால் எலும்பில் ஒன்றுமில்லை என்று பொருள் கொள்வது நம் பெரும் பிழை. திருவெலும்பு வளைந்த வடிவுடையது. அதன் முன்னே குடலும் அதிலுள்ள காற்றும் நிழலிடுகின்றன. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த எலும்பு படத்தில் மங்கலாகவே விழும். மயிரிழை போன்ற விரிசல் இத்தனைக்கும் நடுவே புலப்படுவதில்லை. ஆகவே அப்படம் முதற்படி மட்டுமே.

இவ்விரிசலை மிக முன்கூட்டிக் காட்டுவது எம்.ஆர்.ஐ. படம். விரிசலைச் சுற்றி எலும்பு மச்சையில் நீர் கோப்பதை அது முதல் சில நாள்களிலேயே காட்டிவிடும். முதுகந்தண்டுக்கு என்று எழுதிக் கொடுத்தால் திருவெலும்பின் பக்கச் சிறகுகள் படத்தில் முழுதாக வாராமல் போகலாம். ‘இடுப்பு வளையமும் திருவெலும்பும்’ என்று மருத்துவர் குறித்திருக்கிறாரா என்று பணிவோடு கேளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர் அதை முன்கூட்டியே கூற வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்க இயலாதவர்க்குச் சி.டி. படம் உதவும், அது விரிசலின் கோட்டைத் தெளிவாகக் காட்டும். எலும்பு ஸ்கேன் என்னும் சோதனையில், திருவெலும்பின் இரு சிறகுகளும் நடுவே ஒரு குறுக்குக் கோடும் ஒளிர்ந்து ஆங்கில ‘எச்’ எழுத்துப் போலத் தோன்றும். மோட்டார் நிறுவனத்தின் சின்னத்தை ஒத்திருப்பதால் அதை ‘ஹோண்டா அடையாளம்’ என்று மருத்துவர்கள் அழைக்கின்றனர். முறிவின் தன்மையை அறிய, ஜெர்மனியில் பணியாற்றிய அறுவை மருத்துவர்களான ரொமன்ஸும் ஹோஃப்மனும் 2013-இல் நான்கு வகைப் பகுப்பு ஒன்றை வகுத்துத் தந்தனர். எது படுக்கையும் மருந்துமாகவே ஆறும், எதற்குத் திருகாணி வைத்து இறுக்க வேண்டும் என்று முடிவு செய்ய அது துணையாகிறது.

நம் பகுதியினர் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்கள் குறைந்த கட்டணத்தில் இயங்குகின்றன. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959 முதல் காவிரிப் பகுதி மக்களுக்குப் பணியாற்றி வருகிறது. கருவி அருகில் இருக்கிறது. அதனிடம் சென்று சேரும் கேள்விதான் தாமதமாகிறது.

இரு பொய்த்தோற்றங்கள்

முன்னர் மார்பகப் புற்றுநோயோ கருப்பை வாய்ப் புற்றுநோயோ வந்து குணமானவருக்கு இடுப்பு வலி வந்து, படத்தில் எலும்பு ஒளிர்ந்தால், புற்று எலும்புக்குப் பரவிவிட்டது என்று குடும்பமே கலங்கிவிடும். எலும்புப்புரையின் விரிசலும் அதே போன்ற தோற்றம் தரக்கூடும். கதிர்வீச்சுப் பெற்ற எலும்பு எளிதில் விரிசல் விடும் என்பதும் உண்மை. சி.டி. படத்தில் விரிசல் கோடு தெரிகிறதா, தோற்றம் இருபுறமும் ஒத்திருக்கிறதா என்று ஆராய்ந்து மருத்துவர்கள் வேறுபடுத்துகின்றனர். புற்று உண்மையிலேயே இருக்கவும் கூடும். எலும்பு மச்சையைத் தாக்கும் மைலோமா என்னும் நோயும் இவ்வாறே வலி தரும். அதனால் இரத்தச் சோதனைகளைத் தவிர்க்கலாகாது. ஆனால் அனைத்தும் முடியும் முன் மனத்தளவில் ஈமக்கடன் செய்துவிட வேண்டா.

மற்றொன்று எலும்பு மென்மை நோய். எலும்புப்புரையில் எலும்பின் அளவு குறைகிறது. எலும்பு மென்மையில் சுண்ணாம்பு ஏறாமல் எலும்பே இளகியிருக்கிறது. வைட்டமின் டி கடுமையாகக் குறைந்தவர்க்கு இது வரும். முன்புற இடுப்பெலும்பில் இருபுறமும் ஒத்த கோடுகள் தோன்றும். இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மிகுந்திருக்கும். இதற்கு மருத்துவம் வேறு. குணமும் விரைவில் கிட்டும். ஆகவே கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்பாடு ஆகிய சோதனைகளைச் செய்த பின்னரே மருந்து தொடங்குவர்.

‘வெயில் கொளுத்தும் தஞ்சையில் வைட்டமின் டி குறையுமா?’ என்று கேட்கலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மாதவிடாய் நின்ற, நன்கு நடமாடும் பெண்கள் 150 பேரை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது. பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதாமலும் இருந்தது. வெயில் வாசலில் இருக்கிறது. வயதானவர் கூடத்தில் இருக்கிறார். முதுமையில் தோலின் ஆக்கும் திறனும் குறைகிறது.

கண்டறிந்த பின்

குறைந்த விசையில் இடுப்பு முறிந்ததே எலும்புப்புரைக்கு வலுவான சான்று. டெக்ஸா என்னும் சோதனை அதன் அளவைச் சொல்லும். இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1994-இல் வரையறுத்தது. அடுத்த முறிவு தொடையெலும்பில் நிகழாமல் காக்க மருந்துகள் உண்டு. எதை, எவ்வளவு காலம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நீண்ட படுக்கை நல்லதன்று. நுரையீரலில் சளி, காலில் இரத்தக் கட்டு, படுக்கைப் புண், தசை மெலிவு ஆகிய நான்கும் படுத்தவரைத் தேடி வரும். வலி தாங்கும் அளவுக்கு, நடைச் சட்டத்தின் துணையோடு விரைவில் எழுந்து நடப்பதே முறை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. கிராமத்து முதியோருக்கு இது பெரிய துணை.

நம் சமூகத்தாருக்குத் தனியே ஒன்று கூற வேண்டும். கால்சியம் மாத்திரைகளுள் பல சிப்பி ஓட்டிலிருந்து செய்யப்படுகின்றன. வைட்டமின் டி அடைத்த மென்குப்பிகளின் உறை பெரும்பாலும் விலங்குப் பொருளான ஜெலட்டின். இதை அறிந்த மூத்தோர் சிலர், மருத்துவரிடம் சொல்லக் கூசி, மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு உட்கொள்ளாமலேயே விட்டுவிடுகின்றனர். மருத்துவரோ மருந்து பயன்படவில்லை என்று எண்ணுகிறார். அறமும் கெடாது உடலும் கெடாது இருக்க வழி உண்டு. கனிமத்திலிருந்து செய்த கால்சியம் மாத்திரைகள் உள்ளன; உறையில்லாத மாத்திரையாகவும் பொடியாகவும் வைட்டமின் டி கிடைக்கிறது; விலங்குப் பொருளல்லாத லைக்கனிலிருந்து எடுத்ததும் உண்டு. நம் கொள்கையை வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டால் மருத்துவர் மாற்றி எழுதித் தருவார்.

உணவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நெல் விளையும் நாட்டில் நாம் மூன்று வேளையும் நம்பியிருக்கும் அரிசியில், நூறு கிராமுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராமே உண்டு. கேழ்வரகிலோ 340 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது. பாலிலும் தயிரிலும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 120. நெல் அறுத்த தரிசில் நாம் விதைக்கும் எள்ளும், வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நட்டு, தழையை மாட்டுக்கு ஒடித்துப் போடும் அகத்தியும் கால்சியம் மிகுந்தவை. மழைக்காலத்தில் கீரை விலக்கும் நோன்புடையோர் அம்மாதங்களில் பாலையும் கேழ்வரகையும் எள்ளையும் கூட்டிக்கொள்ளலாம். தொடர் உபவாசம் மேற்கொள்ளும் மூத்தோர், முறிவு ஆறும் காலத்தில் அதைக் குறித்து மருத்துவரிடமும் குருமார்களிடமும் கலந்து கொள்வது நலம்.

பெருமக்களே, உங்கள் இல்லத்தில் ஒரு மூத்தவர் ‘இடுப்பு வலிக்கிறது’ என்றால், ‘வயதானால் அப்படித்தான்’ என்று விடை கூறாதீர்கள். எந்த இடம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். நின்றால் மிகுகிறதா, படுத்தால் தணிகிறதா என்று கேளுங்கள். இரண்டு வாரத்தில் தணியாவிட்டால், முதற்படம் நன்றாக இருந்தாலும், ‘திருவெலும்பில் விரிசல் இருக்குமா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். அக்கேள்வி மருத்துவரை அவமதிப்பதன்று. அவருக்கு நாம் செய்யும் உதவி. வள்ளுவர் கூறிய நான்காமவரின் கடமையும் அதுவே.